கம்பி போட்டது நம்ம காசு! கணக்குக் கேட்பது நம்ம உரிமை!

(மகாராஜபுரத்தில் நடைபெற்ற விவசாயிகள் சங்க விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தேங்காய் விலை, உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றித் தொல்லை, பிளவக்கல் அணைத் தண்ணீர் என்று பேச வேண்டிய சங்கம், இன்டர்நெட்டைப் பத்திப் பேசக் கூட்டம் போட்டிருக்கே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிரதமர் கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய். அது வரணும்னா ஆதார் சரிபார்ப்பு நெட்டுலதான். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று 2025ல் முகாம் போட்டுப் பதிந்தார்களே, அதுவும் நெட்டுலதான். கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனா ஆன்லைன் பதிவு. பயிர்க் காப்பீட்டுக்கு ஆன்லைன். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் ஆன்லைன். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து செல்போனில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று ஆக்கினார்கள். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்தவனுக்கு, சிக்னல் இல்லாததால் அன்றைய கூலி சந்தேகத்துக்கு உள்ளானது.

முன்னெல்லாம் வி.ஏ.ஓ.வைப் பார்க்க அலைந்தோம். இப்ப சிக்னலைத் தேடி அலைகிறோம். மலையடிவாரத் தோப்புக்குள்ள போயிட்டா ஒரு புள்ளி கூட நிக்காது. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்கிற ஒரு வார்த்தையில் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகுது. காப்பீட்டுக்குக் கடைசி நாள் தவறிப்போனா அந்த வருஷ வெள்ளாமைக்கே பாதுகாப்பு போச்சு.

ஆக, இன்டர்நெட் இப்போது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. அது வாய்க்கால் மாதிரி. அரசாங்கம் நமக்குக் கொடுக்கும் எல்லாம் அந்த வாய்க்கால் வழியாத்தான் வருது. அந்த வாய்க்காலை யார் வெட்டுறாங்க, யார் காசுல வெட்டுறாங்க, மடைச் சாவி யார் கையில இருக்கு? இதைக் கேட்காமல் விட்டால் நாம்தான் கடைமடை.

அந்த ரூபாய் யாருடையது?

டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 100க்கு 5 ரூபாயை அரசிடம் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். 2002ல் ஆரம்பித்த நிதி. அனைவருக்கும் சேவை வழங்கும் நிதி என்று பேர். 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள். லாபம் வராத கிராமங்களுக்கும் போனும் நெட்டும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த நிதி.

கட்டுவது கம்பெனி. ஆனால் கொடுப்பது யார்? நீங்க 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்றீங்க. அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. மிச்சம் கம்பெனிக்குப் போகிற 253 ரூபாயில் ஏறத்தாழ 12 ரூபாய் இந்த நிதிக்கு. தோப்புக் காவலுக்கு இருக்கிற பெரியவரும் கொடுக்கிறார், களை எடுக்கிற அம்மாவும் கொடுக்கிறார். மாதாமாதம் கொடுக்கிறோம். ஆனால் வசூலான பணத்தில் பெரும்பகுதி வருஷக்கணக்காகச் செலவாகாமல் கிடந்தது. கிராமத்துக்கென்று எடுத்த பணம் கிராமத்துக்கு வரவில்லை. இன்னொரு பக்கம், டெலிபோன் கம்பெனிகளின் சங்கம் என்ன கேட்டது தெரியுமா? "இந்த 5 ரூபாயைக் குறைக்கணும், இருக்கிற பணம் தீர்ற வரைக்கும் வசூலை நிறுத்தணும்" என்று பட்ஜெட்டுக்கு முன்னால் மனு கொடுத்தார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. கிராமத்துக்குச் செலவு செய்யாததையே காரணமாகக் காட்டி, கிராமத்துப் பங்கை நிறுத்தச் சொல்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இரண்டே வருஷம் என்றார்கள்

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போட வேண்டும். செலவு 20,000 கோடி ரூபாய். இரண்டே வருஷத்தில் முடிப்போம் என்றார்கள். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை முடிக்கவே 2017 டிசம்பர் ஆனது. நடுவில் 2015ல் பாரத்நெட் என்று பேர் மாத்தினாங்க. பேர் மாறினா வேலை நடந்துடுமா?

2021ல் இன்னொரு யோசனை. 16 மாநிலங்களில் இந்த வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுக்கலாம், அரசு 19,041 கோடி ரூபாய் உதவியும் தரும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. டெண்டர் விட்டார்கள். கேட்க ஒரு கம்பெனி கூட வரவில்லை. நன்றாகக் கவனியுங்கள். 19,041 கோடியைக் கையில் வைத்துக்கொண்டு "கிராமத்துக்கு வாங்க" என்று கூப்பிட்டும் வரவில்லை. லாபம் பத்தாது என்று கணக்குப் பார்த்துவிட்டார்கள். நகரத்தில் தெருவுக்குத் தெரு குழி தோண்டிக் கம்பி போடுகிறவர்களுக்கு நம்ம ஊர் கணக்கில் வராது.

கடைசியில் 2023 ஆகஸ்டில் அரசே திரும்ப 1,39,579 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது. 20,000 கோடியில் தொடங்கிய வேலை ஏழு மடங்கு ஆகிவிட்டது. வேலையும் கூடித்தான் இருக்கிறது. ஆனால் காலத்தைக் கடத்தியதற்கான விலையும் அதில் இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பதும் நாம்தான்.

தமிழ்நாட்டில் நடந்த கூத்து

நம் மாநிலத்தில் அப்போது 12,525 கிராம ஊராட்சிகள் இருந்தன. இவற்றுக்குக் கம்பி போடும் பொறுப்பு டான்பிநெட் என்கிற அரசு நிறுவனத்துக்கு. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் வேலை. டெண்டர் விட்டார்கள். தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளராக இருந்த சந்தோஷ் பாபு ஐ.ஏ.எஸ். 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு கேட்டார். டெண்டர் நிபந்தனைகள் குறிப்பிட்ட சில கம்பெனிகளுக்குத் தோதாகத் திருத்தப்பட்டிருக்கின்றன என்று அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. அன்றைய அரசு தவறே நடக்கவில்லை என்று மறுத்தது. ஆனால் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை விசாரித்து, நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன, டெண்டரை ரத்து செய்து புதிதாக விடுங்கள் என்று 2020 ஜூன் மாதம் உத்தரவு போட்டது.

டெண்டர் நிபந்தனையில் என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். நம்ம கண்மாய் மீன் ஏலத்தை எடுத்துக்குங்க. "யார் வேணும்னாலும் ஏலம் கேட்கலாம்" என்று தண்டோரா போடுகிறார்கள். ஆனால் கீழே ஒரு வரி: "ஏற்கெனவே 500 ஏக்கர் கண்மாயை ஏலம் எடுத்த அனுபவம் வேண்டும்." ஊர் இளைஞர் சங்கம் கேட்க முடியுமா? மகளிர் குழு கேட்க முடியுமா? ஏலம் நடக்கும், கூட்டம் கூடும், காப்பியும் கொடுப்பாங்க. மீன் மட்டும் ஏற்கெனவே வித்துப் போச்சு. கொள்கை வகுப்பதில் கம்பெனியின் கை எங்கே நுழைகிறது என்றால், இந்த மாதிரி ஒரு வரியில்தான் நுழைகிறது. மேடையில் யாரும் பேச மாட்டார்கள். பேப்பரில் ஒரு திருத்தம் வரும், அவ்வளவுதான்.

இந்த இழுபறியில் மறு டெண்டர் விட்டு, வேலை தொடங்க 2022 ஆகிவிட்டது. இடையில் என்ன நடந்தது? கொரோனா. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. நம்ம பிள்ளைகள் செல்போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியிலும் கண்மாய்க் கரையிலும் ஏறி நின்றார்கள். கம்பி வந்து சேர வேண்டிய நேரத்தில் பைல் சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்தது. அந்த இரண்டு வருஷப் படிப்பை எந்தக் கம்பெனி திருப்பிக் கொடுக்கும்? எந்த மந்திரி திருப்பிக் கொடுப்பார்?

இலவசம் என்ற தூண்டில்

"தனியார் வந்துதானே நெட் மலிவாச்சு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பதில் இருக்கிறது.

2010ல் இன்டர்நெட்டுக்கு மட்டும் என்று சொல்லி அலைக்கற்றை ஏலம் விட்டார்கள். இன்போடெல் என்ற சின்னக் கம்பெனி நாடு முழுக்க எடுத்தது. கையோடு கையாக ரிலையன்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. 2013ல் 1,658 கோடி ரூபாய் கட்டினால் அதே அலைக்கற்றையில் போன் பேச்சுச் சேவையும் நடத்தலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. இதில் கம்பெனிக்கு 3,367 கோடி ரூபாய் தகாத ஆதாயம் என்று 2015ல் மத்திய தணிக்கைத் துறை அறிக்கை சொன்னது. 2016ல் உச்ச நீதிமன்றம் இது சம்பந்தமான வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நாம் கேட்பது இவ்வளவுதான்: ஏலம் முடிந்த பிறகு விதியை மாற்றினால், அந்த விதி தெரிந்திருந்தால் வேறு யாரெல்லாம் ஏலம் கேட்டிருப்பார்கள்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், நெட் இலவசம். 2017 மார்ச் வரைக்கும் இலவசம். யாருக்குத்தான் பிடிக்காது? நாமும்தான் வாங்கினோம். அப்போது பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஏர்செல் ஞாபகம் இருக்கா? நம்ம ஊர்ப்பக்கம் பாதி வீட்டில் அந்த சிம்தான். 2018 பிப்ரவரியில் திடீரென்று சிக்னல் போனது. பேங்கில் கொடுத்த நம்பர், கேஸுக்குக் கொடுத்த நம்பர், எல்லாம் செத்துப் போச்சு. நம்பரை மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றோம்.

இன்றைக்கு மூன்று தனியார் கம்பெனிகள், ஒரு பி.எஸ்.என்.எல். அவ்வளவுதான். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் விலையை ஏற்றினார்கள். ஜியோவில் 239 ரூபாய் திட்டம் 299 ஆனது. அதுவும் மாசத்துக்கு இல்லை, 28 நாளைக்கு! வருஷத்துக்கு 13 தடவை கட்டணும். விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது ஒழுங்குமுறை ஆணையம். தேங்காய்க்கு நாம விலை சொல்ல முடியுதா? யாவாரி சொல்றான். நெட்டுக்கு நாம விலை சொல்ல முடியுதா? கம்பெனி சொல்றான். விக்கும்போதும் அவன் விலை, வாங்கும்போதும் அவன் விலை. நமக்கு எங்கேதான் விலை?

பி.எஸ்.என்.எல்.லை மெலிய வைத்தது யார்?

அந்த 2024 ஜூலையில் விலை ஏற்றாதது பி.எஸ்.என்.எல். மட்டும்தான். ஆனால் அதைக் கட்டிப் போட்டு ஓடச் சொன்னார்கள். தனியார் கம்பெனிகள் 4ஜி கொடுத்துப் பல வருஷம் ஆன பிறகு, 2019 அக்டோபரில்தான் பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை கொடுக்க முடிவெடுத்தார்கள். 2020ல் விட்ட டெண்டரும் ரத்தானது. அதே 2020 ஜனவரியில் 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். லைன் பழுது பார்க்க ஆள் இல்லாமல் போனது. தனியார் கம்பெனிகள் 2022ல் 5ஜியே தொடங்கிவிட்டார்கள். பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் 4ஜியைத் தொடங்கியது 2025 செப்டம்பரில். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் செய்தார்கள், பாராட்டுவோம். ஆனால் கன்றுக்குட்டியின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, "மாடு மெதுவாப் போகுது, வித்துடலாம்" என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

அவர்களுக்கு ஒரு வட்டி, நமக்கு ஒரு வட்டி

2019 அக்டோபர் 24ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கம்பெனிகள் தங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டிக் கணக்குப் போட்டது செல்லாது, பாக்கியைக் கட்டு என்றது. லட்சம் கோடிக்கு மேல் பாக்கி. கட்டினார்களா? 2021 செப்டம்பரில் அரசு நான்கு வருஷம் தவணை கொடுத்தது. கணக்குப் போடும் முறையையும் அவர்களுக்குச் சாதகமாக மாற்றியது. வோடபோன் ஐடியா கம்பெனி கட்ட வேண்டிய வட்டியில் 16,133 கோடி ரூபாயை 2023ல் பங்காக மாற்றிக்கொண்டது. 2025ல் மேலும் 36,950 கோடியைப் பங்காக மாற்றியது. அரசின் கையில் ஏறத்தாழ 49 சதவீதம் பங்கு.

மூன்றாவது கம்பெனியும் செத்துவிட்டால் இரண்டு பேர் வைத்ததுதான் சட்டம் ஆகிவிடும், அதனால் காப்பாற்றினோம் என்கிறார்கள். அந்தக் காரணத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. நாங்கள் கேட்பது வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் 50,000 ரூபாய்க்கு நகையை வைத்துவிட்டு, மழை இல்லாமல் வட்டி கட்ட முடியாமல் நிற்கிற விவசாயிக்கு "உன் வட்டியைப் பங்காக மாத்திக்கிறோம்" என்று எந்த பேங்க் மேனேஜராவது சொன்னதுண்டா? நமக்கு வருவது ஏல நோட்டீஸ்.

2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு வெளியான பட்டியலில், பத்திரம் வாங்கியவர்கள் வரிசையில் பார்தி ஏர்டெல் பெயரும் இருந்தது. நன்கொடை கொடுத்ததனால்தான் சலுகை கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கட்சிக்குப் பணம் கொடுப்பவர்களும், அரசிடம் சலுகை கேட்பவர்களும் ஒரே ஆட்களாக இருந்தால், அந்த மேஜையில் நமக்காகப் பேச யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கரண்ட் எப்படி வந்தது?

நம்ம கிணத்து மேட்டுக்குக் கரண்ட் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். லாபம் பார்த்து வந்திருந்தால் ராஜபாளையத்து மில்லோடு நின்றிருக்கும். மின்வாரியம் பொதுவில் இருந்ததால் கம்பம் நட்டு வயல் வரைக்கும் வந்தது. கட்டணத்தை ஏற்றியபோது 1972ல் கோயம்புத்தூர் வீதிகளில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள் விவசாயிகள், நாராயணசாமி நாயுடு தலைமையில். அப்படிப் போராடிப் போராடித்தான் 1990ல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். மின்வாரியக் கம்பங்களில் கம்பி கட்டி, கே-போன் என்று அரசே 2023 ஜூனில் இன்டர்நெட் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று அறிவித்தது. சொன்ன எண்ணிக்கையை எட்ட இன்னும் வேலை இருக்கிறது என்றாலும், மாநில அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் ஊர்ப் பொது மின்சார நிறுவனமே 2010ல் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை இன்டர்நெட் கொடுத்தது. பெரிய கேபிள் கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. ஆனால் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் "எங்களுக்கும் கொடுங்க" என்று கேட்டபோது கொடுக்க முடியவில்லை. மின்சார எல்லையைத் தாண்டி இன்டர்நெட் கொடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. அந்தச் சட்டத்தை மாற்ற விடாமல் கம்பெனிகள் சட்டசபையைச் சுற்றி வந்தன. அமெரிக்க விவசாயிக்கும் நமக்கும் எதிரில் நிற்பது ஒரே சுவர்தான்.

மடையைத் திறக்கணும்

நம் மாநிலத்துத் திட்டத்தில் கம்பியில் 85 சதவீதம் கரண்டு கம்பத்தின் மேல் போகிறது, 15 சதவீதம் தரைக்கடியில். அதாவது நம்ம வயக்காட்டுக் கம்பத்து மேலதான். ஊராட்சிச் சேவை மையத்தில் ஒரு ரேக், ஒரு யு.பி.எஸ்., ஒரு ரூட்டர் வைக்கிறார்கள். நம் வட்டாரத்தில் ஒரு ஊராட்சிக்குச் சங்கத்தின் சார்பில் போய்ப் பார்த்தோம். ஊர் பேர் வேண்டாம். பெட்டி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, மேலே ஒட்டடை இருக்கிறது. சுவிட்ச் அணைத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொந்தப் போனில் இருந்து நெட் எடுத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுகிறார். கண்மாய் வரைக்கும் கால்வாய் வெட்டியாச்சு, தண்ணியும் வந்தாச்சு, மடை திறக்க ஆள் இல்லை என்றால் பயிர் பிழைக்குமா?

மடையைத் திறக்காமலே போட்டு வைத்தால் ஒரு நாள் என்ன சொல்வார்கள்? "மக்கள் உபயோகிக்கவில்லை, நஷ்டம், தனியாரிடம் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம்" என்பார்கள். நம்ம காசில் போட்ட கம்பியில் அவன் தண்ணி பாய்ச்சி நமக்கே விற்பான். இதைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் கம்பி வந்த தேதி, வேலை செய்யும் நாட்கள், பராமரிக்கும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், கொள்முதல் நிலையம் ஆகியவற்றுக்கு அந்தக் கம்பியில் இருந்து இலவச இணைப்புத் தர வேண்டும்.

3. நெட் இல்லாத காரணத்தால் காப்பீடு, கிசான் பணம், கூலி, ரேஷன் எதையும் மறுக்கக் கூடாது. கையால் பதிவு செய்யும் மாற்று வழி இருக்க வேண்டும்.

4. டெண்டர் நிபந்தனைகளில் திருத்தம் செய்தால், காரணத்தோடு மக்களுக்கு வெளியிட வேண்டும்.

5. ஊராட்சிக் கம்பியை மொத்தமாகத் தனியாருக்குக் குத்தகை விடக் கூடாது. வீட்டு இணைப்புக் கொடுக்கும் வேலையை உள்ளூர் இளைஞர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுக்க வேண்டும்.

6. பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் கருவியும் கொடுத்து மலையடிவாரக் கிராமங்களுக்கு முதலில் கோபுரம் அமைக்க வேண்டும்.

இதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். "நெட் விஷயம் நம்ம அதிகாரத்துல இல்லை" என்பார்கள். எழுதுங்க, எழுதி மேலே அனுப்புங்க என்று சொல்லுங்கள். எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, நம்ம ஊராட்சிப் பெட்டி எத்தனை நாள் வேலை செய்தது, பராமரிப்புக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருகிறோம். படிக்கிற பிள்ளைகள் இந்த வேலைக்கு முன்வர வேண்டும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. நாம் போட்டது நிறைய. அளந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கிராம சபையில் சந்திப்போம். சட்டைப் பையில் மனுவோடு வாருங்கள்.

ஊராட்சிக் கம்பி ஊருக்கே!
மடையைத் திற! கணக்கைக் காட்டு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!